தங்கவேலின் இடது பக்கம்

சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெரு. எதிரெதிரே இரண்டு மாடு வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்தத் தெருவில் பதினாறு வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பச்சை நிறம், இரண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக் கூரை. வக்கீல் ஸ்ரீரங்கனுடைய வண்டி. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் என்பதால் தெருக்காரர்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் இப்படியொரு வண்டி வைத்துக்கொள்வதை ஆரம்பத்தில் யாரும் மன்னிக்கவில்லை. பிறகு பங்குனி உற்சவத்துக்கு வருகிற வெளியூர் உறவுக்காரர்களைக் கூட்டி வந்து தவளையைக் காட்டுகிற அளவுக்குப் பழகிப்போனார்கள்.

வண்டியை ஓட்டியது ஸ்ரீரங்கன். பார்த்துக்கொண்டது தங்கவேல்.

தங்கவேல் டிரைவராகத்தான் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் முதலாளியே ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்காத வீட்டில் டிரைவருக்கு என்ன வேலை? ஹைகோர்ட் வரைக்கும் ஸ்ரீரங்கன் ஓட்டுவார், தங்கவேல் பக்கத்தில் உட்கார்ந்து போவான். அவர் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனதும் இவன் வண்டியை எடுத்துப்போய் நிழல் பார்த்து நிறுத்துவான். சாயங்காலம் திரும்பவும் வாசலுக்குக் கொண்டுவருவான். நாளெல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறான் என்று பக்கத்து வீட்டு டிரைவர்கள் பொருமினார்கள். அவர்களுக்கு அவனுடைய காதைப் பற்றித் தெரியாது.

காலை ஏழு மணிக்குத் தங்கவேல் வண்டியின் உறையை எடுப்பான், ஸ்டார்ட் செய்வான், பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். ஐந்து நிமிஷம். அதற்குள் ஸ்ரீரங்கன் காபி டம்ளரோடு வெளியே வருவார்.

"என்ன சொல்றா?" என்பார். அவருக்கு வண்டி எப்போதும் 'அவள்'தான்.

"தொண்ட கட்டிக்கினு கீது சார். ஏர் ஃபில்டர் பாக்கணும்."

பார்த்தால் ஏர் ஃபில்டராகத்தான் இருக்கும். "பெல்ட்டு முனகுது சார்" என்றால் பெல்ட். "நல்லா கீது சார்" என்றால் அன்றைக்குக் கவலையில்லை. பதினாறு வருஷத்தில் தங்கவேல் சொல்லித் தப்பாகிப்போனது ஒருமுறைதான். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம்.

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குடிசை ஒன்றில் பிறந்தவன் அவன். அப்பா மீன்பாடி வண்டி மிதித்தவர். பதினாறு வயதில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். அந்தக் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. வண்டிக்கு அடியில் படுத்தால் தன் கையே தனக்குத் தெரியாது. எனவே ஓனரின் மகன் அப்துல் வஹீதும் இவனும் இன்ஜினைக் காதால் கற்றுக்கொண்டார்கள். வஹீத் இன்றைக்கு அதே இடத்தில் பெரிய ஷெட் வைத்திருக்கிறார். தங்கவேலுக்கு ஓட்டுவதில்தான் ஆசை, டிரைவராகப் போய்விட்டான். வெள்ளம் வந்து குடிசை போய், அரசாங்கம் பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்த பிறகும் இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்குள் வந்து சேர்ந்தான். பெரும்பாக்கத்தில் அவன் ப்ளாக்கில் மூன்று தங்கவேலுகள். 'டிரைவர் வீடு' என்று கேட்டால் மட்டும் சின்னக் குழந்தையும் சரியான கதவைக் காட்டும். அது அவனுக்குப் பெருமை.

நான்கு வருஷத்துக்கு முன் ப்ளாக் வாசலில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். மனைவி பாஞ்சாலியின் தொந்தரவு தாங்காமல் போய் உட்கார்ந்தான். டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"கண்ணுல அழுத்தம். இடது கண்ணு நரம்பு போயிடுச்சுங்க. இனிமே வராது. வலது கண்ணுலயும் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு. சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருந்தா அதைக் காப்பாத்தலாம்."

ஒரு கண் போனதே தெரியாமலா ஒருவன் இருப்பான் என்று கேட்கலாம். இருந்தான். மெல்ல மெல்லப் போனதை இன்னொரு கண் மறைத்துக்கொண்டே வந்தது. மீதியைக் காது பார்த்துக்கொண்டது. திறந்த வண்டியில் உட்கார்ந்தால் இடது பக்கம் வருகிற ஸ்கூட்டர், பூக்காரியின் தள்ளுவண்டி, சைக்கிள் மணி எல்லாம் அவனுக்குக் கேட்கும். கால் வைத்தால் அந்த நொடியே தவளை பதில் சொல்லும். எவ்வளவு வேகம் என்று முள்ளைப் பார்க்கவே வேண்டாம். போதாக்குறைக்குத் தினமும் ஒரே ஒரு கிலோமீட்டர்.

"வக்கீல் சார்கிட்ட சொல்லிடேன்யா," என்றாள் பாஞ்சாலி.

"சொன்னா வேல பூடும்."

"சொல்லாங்காட்டி யாரு உசுரு போவும்?"

தங்கவேல் சொட்டு மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். காது இருக்கும்வரை பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மனிதன் தன்னிடம் இருக்கிற ஒன்றை நம்பி, இல்லாத ஒன்றை மறந்துபோவது எவ்வளவு சுலபம்.

இது இப்படியே போயிருக்கும். போன வருஷக் கடைசியில் ஸ்ரீரங்கனின் மனைவி நீரஜாவுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது.

நீரஜா முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். பிள்ளை ஷ்ரவண் வெளிநாட்டில். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய நாளன்று ஸ்ரீரங்கன் அவரைத் தவளையில்தான் கூட்டி வந்தார். அவருக்கு வேறு வண்டி தெரியாது. தங்கவேல் வீட்டு வாசலில் காத்திருந்தான்.

வண்டி வந்து நின்றது. நீரஜாவால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு தாழ்வான சீட்டிலிருந்து எழ வேண்டுமானால் இடது கையைக் கதவோரம் ஊன்றித் தம் பிடிக்க வேண்டும். அந்தக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கவே ஒரு மாதமாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்ரீரங்கன் முன்னால் நின்று வலது கையைப் பிடித்து இழுத்தார். நீரஜாவின் முகம் வெளுத்தது. அப்படியே விட்டுவிட்டுத் திரும்பவும் முயன்றார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்க்க, பத்து நிமிஷம் அவர் அந்தச் சீட்டில் சிறைப்பட்டுக் கிடந்தார். கடைசியில் ஒரு பக்கம் ஸ்ரீரங்கனும் இன்னொரு பக்கம் தங்கவேலுமாகத் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள்.

உள்ளே போகும்போது நீரஜா, "நன்னாத்தான் இருந்தது உங்க வண்டி," என்றார். கேலியா வருத்தமா என்று தங்கவேலுக்குப் புரியவில்லை.

அடுத்த நாளே ஸ்ரீரங்கன் தி.நகரில் வெளிநாட்டு வண்டி விற்கிறவரைக் கூப்பிட்டுவிட்டார். தவளையை வாங்கிக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். சாவியைக் கொடுக்கும்போது ஸ்ரீரங்கன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். தங்கவேல்தான் தெருமுனைவரை பின்னாலேயே நடந்து போய்விட்டு வந்தான்.

அதற்குப் பதிலாக வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு செடான். முழுக்க வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்த வண்டி, டர்போ இன்ஜின். நாலு கதவு, ஏறி உட்கார வசதியான உயரம். சாதாரண வண்டி ஒன்று வாங்கினால் போதும் என்று நீரஜா சொல்லிப் பார்த்தார். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிய மனிதருக்கு மனசு கேட்கவில்லை. உயரம் அவளுக்கு, டர்போ எனக்கு என்று ஸ்ரீரங்கனே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. தி.நகரிலிருந்து வீட்டுவரை ஒருமுறை ஓட்டி வந்தவர், சாவியைத் தங்கவேல் கையில் வைத்தார்.

"தங்கவேல், இனிமே நீதான் ஓட்டணும். அடையாறு ஆஸ்பத்திரியில ரேடியேஷன். முப்பது நாள். வாரத்துக்கு அஞ்சு நாள் போகணும். எனக்குக் கோர்ட் இருக்கு. ஓட்டிடுவியோல்லியோ?"

கோர்ட் இருந்தது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. முதன்முதலாக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளில், வரும் வழியில் அவர் தவளையை ஓரம்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு மனைவியைத் தினமும் அழைத்துக்கொண்டு போக அவருக்குத் தெம்பில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அப்போது தங்கவேலுக்கும் வாய்ப்பிருந்தது. சாவி கனமாக, ஒரு சின்ன சோப்புக்கட்டி அளவுக்கு இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு வண்டி, ஒரு முழுப் பயணம், அவன் கைக்கு வந்திருந்தது.

"ஓட்டிடலாம் சார்," என்றான்.

மறுநாள் காலை வழக்கப்படி ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உள்ளே என்னவோ மூடி போட்டு, அதன்மேல் பஞ்சு வைத்து, அதன்மேல் இன்னொரு மூடி போட்டிருந்தார்கள். மெலிதாக ஒரு முணுமுணுப்பு மட்டும் வந்தது. நல்லதா கெட்டதா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொல்றா?" ஸ்ரீரங்கன் காபியோடு வந்து நின்றார்.

"நல்லா கீது சார்."

வண்டியைப் பற்றித் தங்கவேல் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

அன்றைக்கே ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய் வஹீதிடம் வண்டியைக் காட்டினான். வஹீத் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டர்போ நைனா. வெளிய போற பொகைய வச்சே உள்ள ஒரு சக்கரம் சுத்தும். அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். கால வச்சதும் ஒடனே வராது. மொதல்ல யோசிக்கும், அப்பால பாயும். பழைய வண்டி கணக்கா அமுக்காத. அப்புறம் இன்னொண்ணு. ஓட்டிட்டு வந்து நிறுத்துனதும் டப்புனு ஆஃப் பண்ணாத. ஒரு நிமிசம் சொம்மா ஓட வுடு. உள்ள சூடு ஆறணும்."

கண்ணைப் பற்றி வஹீதிடமும் சொல்லவில்லை.

முதல் ஆறு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான். நீரஜா பின் சீட்டில் சாய்ந்திருப்பார். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டால் ஆர்.கே. மட் ரோடு முழுக்க ஊமையாகிவிடும். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கூடக் கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ நடந்தது. தவளையில் அவனுக்கு இருந்த இடது பக்கம் இந்த வண்டியில் இல்லவே இல்லை. கழுத்தை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டுக்குத் திரும்பி வந்து நிறுத்தினால் அந்த ஒரு நிமிஷம் இன்ஜின் ஓடும். அந்த நேரத்தில் அவன் ஸ்டியரிங்கில் ஒட்டிய வேர்வையைத் துண்டால் துடைப்பான்.

ஏழாவது நாள் பாலம் தாண்டி அடையாறில் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம். பச்சை சிக்னல் விழுந்தது. காலை வைத்தான், வண்டி யோசித்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இன்னும் கொஞ்சம் அமுக்கினான். வண்டி பாய்ந்தது. இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. ஓட்டியவள் சின்னப் பெண். முன்னால் நின்றபடி ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு குழந்தை. அவள் பிரேக் போட்டுக் காலை ஊன்றி நின்றாள். ஸ்கூட்டரில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை மட்டும் ரோட்டில் விழுந்து உருண்டது.

அவள் திட்டியது கூட அவனுக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"ஒண்ணும் ஆகலை," என்றார் நீரஜா பின்னாலிருந்து. குரல் மாறியிருந்தது. "மெதுவா போங்கோ, தங்கவேல்."

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தான். ஸ்ரீரங்கன் அன்று வீடு திரும்ப நேரமாகும் என்றார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று பஸ் ஏறினான். பாஞ்சாலியிடமும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் முகம் சரியாகக்கூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனாலேயே ராத்திரி முழுக்க அது பெரும்பாக்கத்துக் குழந்தைகள் எல்லாருடைய முகமாகவும் வந்தது.

எட்டாவது நாள் நீரஜா பின் கதவுக்குப் போகவில்லை. முன் கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்தார்.

"பின்னாடி உக்காந்தா குமட்டறது," என்றார்.

தெருமுனை வந்தது. தங்கவேல் கழுத்தைத் திருப்பப் போனான்.

"இந்தப் பக்கம் யாரும் இல்லை. போலாம்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே.

குளக்கரையில், "தள்ளுவண்டி நிக்கறது." மந்தைவெளியில், "ஆட்டோ வரது, அவன் போகட்டும்." பாலத்தில், "காலி." அடையாறு சிக்னலில், "ரெண்டு ஸ்கூட்டர். இருங்கோ. இப்போ போலாம்."

தங்கவேலுக்கு எல்லாம் புரிந்தது. அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் சொல்லாமல் இருக்கிறார் என்பதுதான் புரியவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார் போலும். அவன் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். கூடவே, சொல்லாமல் விட்டால் இந்த முப்பது நாளாவது ஓடிவிடும் என்ற நப்பாசை. ஓட்டம் இப்போது நன்றாகவும் இருந்தது. பத்து நாள் அப்படியே போனார்கள். வாய் வறண்டு, கழுத்துத் தோல் கறுத்து, சாப்பிட்டது தங்காமல் இருக்கிற ஒரு மனுஷி, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அவனுக்காக ரோட்டைப் படித்துக்கொண்டு வந்தார். தான் செய்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தங்கவேலுக்குத் தெரியும். தெரிந்தே செய்தான். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

பதினெட்டாவது நாள் காலை. "மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்லை, தங்கவேல். தொண்டையெல்லாம் எரியறது," என்று சொல்லியபடிதான் நீரஜா ஏறினார். மந்தைவெளி வரை, "காலி," "பஸ் நிக்கறது," என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு குரல் வரவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தங்கவேலுக்கு உறைத்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். நீரஜா தலையைக் கதவோரம் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தை தூங்குகிற மாதிரி அவ்வளவு ஆழமான தூக்கம்.

முன்னால் பாலம். அதைத் தாண்டினால் அந்தச் சிக்னல்.

எழுப்பலாம். கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். மூன்று நாளாக வராத தூக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது. எழுப்பி என்ன சொல்வது? எனக்காக முழித்திருங்கள் என்றா? எழுப்பாமல் போகலாம். ஒரு பாலம், ஒரு திருப்பம், அவ்வளவுதான். அன்றைக்குப் போல ஒரு சாப்பாட்டுப் பையோடு முடிந்துபோகலாம். முடியாமலும் போகலாம். கண்ணாடிக்கு வெளியே இடது பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. காது கொடுத்துக் கேட்டான். ஏசியின் சத்தம் மட்டும் இருந்தது.

இண்டிகேட்டரைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, பாலத்துக்கு முன்னாலிருந்த மரத்தடியில் ஓரம்கட்டினான். அவருக்குக் குளிர்ச்சி போய்விடக் கூடாது என்று இன்ஜினை நிறுத்தவில்லை. சத்தம் வராமல் கதவைத் திறந்து இறங்கி, ஸ்ரீரங்கனுக்குப் போன் போட்டான்.

"சார், நீங்க வரணும் சார்."

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல சார். தூங்குறாங்க. எனக்குத்தான் சார்."

கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்ரீரங்கன், வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் கண்ணாடி வழியே மனைவியைப் பார்த்தார். மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் தங்கவேல் பக்கம் திரும்பினார்.

"சொல்லு."

"எனக்கு எடது கண்ணு தெரியாது சார்."

"எப்போலேர்ந்து?"

"நாலு வருசமா சார்."

ஸ்ரீரங்கனின் முகம் சிவந்தது.

"நாலு வருஷமா. தெரிஞ்சுண்டே இவளை உக்காத்தி வச்சு ஓட்டினியா? பதினேழு நாள்? இவளையாடா?"

பதினாறு வருஷத்தில் அவர் 'டா' போட்டதில்லை. தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான்.

கண்ணாடி இறங்கியது. நீரஜா விழித்திருந்தார்.

"அவரைக் கத்தாதீங்கோ. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவருக்கு இந்தப் பக்கம் தெரியலைங்கறது. முப்பது வருஷம் க்ளாஸ் எடுத்திருக்கேன். போர்டு தெரியாத பையன் தலையை எப்படித் திருப்புவான்னு எனக்குத் தெரியாதா? பத்து நாளா நான்தான் பார்த்துச் சொல்லிண்டு வரேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை? எனக்கு எப்படித் தெரியும்?"

நீரஜா கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பேசவே அவருக்குத் தொண்டை வலித்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் வண்டியிலேயே இல்லையே," என்றார். "அவர் பண்ணது தப்பு. பெரிய தப்பு. ஆனா அவராவது தினம் வந்தார்."

ஹைகோர்ட்டில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த ஸ்ரீரங்கன், பாலத்தோரம் ஒரு மரத்தடியில் கழுத்துப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்ட அவருக்கு இரண்டு தடவை ஆயிற்று.

"பின்னாடி ஏறு," என்றார் தங்கவேலிடம், திரும்பிப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் போய் மரநிழலில் நிறுத்தினார். கை பொத்தானுக்குப் போயிற்று.

"ஒரு நிமிசம் சார்," என்றான் தங்கவேல். "ஒடனே ஆஃப் பண்ணக் கூடாது. சூடு ஆறணும்."

கை நின்றது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது.

"சார், மொத நாளு நீங்க கேட்டீங்கல்ல. நல்லா கீதுன்னு சொன்னேன். பொய் சார். எனக்கு ஒண்ணுமே கேக்கல. இந்த வண்டியில எனக்கு எதுவுமே கேக்கல சார்."

உள் கண்ணாடியில் ஸ்ரீரங்கனின் கண்கள் அவனைப் பார்த்தன. நிமிஷம் முடிந்ததும் வண்டியை நிறுத்தினார். இறங்கி இடது பக்கம் வந்து, மனைவியின் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறினார். ஆபரேஷன் முடிந்து அவரைக் கூட்டிவந்த நாளுக்குப் பிறகு ஸ்ரீரங்கன் அதில் கால் வைப்பது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி தங்கவேல் எல்லாவற்றையும் பாஞ்சாலியிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "நாளைக்குப் போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. போய்ப் பாக்குறேன். டிரைவரா இல்ல."

முப்பது வருஷமாக டிரைவர் என்ற அந்த ஒரு சொல்தான் அவனுக்குப் பெயராக இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு அதே தெருவில், அதே வாசலில் நின்றான். கேட்டுக்கு உள்ளே நின்ற வண்டியின் உறையை எடுத்தான், ஸ்டார்ட் செய்யவில்லை. சாவி அவனிடம் இல்லை. எட்டரைக்கு ஸ்ரீரங்கன் வெளியே வந்தார். காபி டம்ளர் இல்லை. கறுப்புக் கோட்டும் இல்லை, சாதாரணச் சட்டை. நீரஜா மெதுவாக வந்து முன்னால் இடது சீட்டில் ஏறிக்கொண்டார். ஸ்ரீரங்கன் வண்டியைச் சுற்றி வந்து தங்கவேலுக்கு முன்னால் நின்றார்.

"வலது கண்ணு எப்படி இருக்கு?"

"மருந்து போட்டுக்கினு கீறேன் சார்."

"விடாம போடு." அவர் வேறு பக்கம் பார்த்தார். இன்னும் கோபம் போகவில்லை. போக நாளாகும், ஒருவேளை போகாமலும் இருக்கலாம். "இனிமே நீ எந்த வண்டிச் சாவியையும் தொடக் கூடாது. இங்க மட்டும் இல்லை, எங்கயும். புரியறதா?"

"புரியுது சார்."

"கேட்டைத் திற."

தங்கவேல் கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, கொக்கி மாட்டினான். கொக்கி மாட்டியது இடது தூணோரம். அங்கேயே, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். வண்டி வாசலுக்கு வந்தது. ஸ்ரீரங்கன் கண்ணாடிகளை ஏற்றியிருக்கவில்லை. அவர் தெருவின் வலது பக்கத்தையே பார்த்தபடி திருப்பத் தொடங்கினார்.

"இருங்கோ," என்றார் நீரஜா, அதே குரலில், பத்து நாள் தங்கவேலுக்குச் சொன்ன அதே குரலில். "இந்தப் பக்கம் தங்கவேல் நிக்கறார்."

வண்டி நின்றது. அவன் விலகி வழி விடும்வரை நின்றது.